உன் சர்க்கரையைப் பார்க்கும் பட்டியலில் என் பெயர்

பாப்பா,

தினமும் இரண்டு வேளை போனில் பேசுகிற அம்மா எதற்காகக் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள் என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். மன்னித்துக்கொள். கடிதம் என்று எழுத உட்கார்ந்தாலே ஏதோ பெரிதாகச் சொல்லப்போவதுபோல ஆகிவிடுகிறது, அதுவே எனக்குக் கூச்சம். போனில் சொல்லலாம் என்றால், நினைப்பது ஒன்றாகவும் வாயில் வருவது "சாப்புட்டியா" என்பதாகவும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால், நான் எழுதிக்கொண்டிருப்பதை அது அப்போதே உனக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அழித்து அழித்து எழுதுகிறவளுக்கு அது தோதுப்படாது. அதனால்தான் இந்தத் தாள்கள். ஆலங்குடி தபாலாபீசில் இன்று கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கோயம்புத்தூரில் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நீ கேட்டாய். "அம்மா, என் ரீடிங் பாக்குற லிஸ்ட்டுலேருந்து ஒம் பேரை எடுத்துறட்டுமா? அவரு பாத்துக்கிறாருல்ல. நீ அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு வீணாப் பயந்துக்கிட்டு இருக்க. ஞாயித்துக்கிழமை மாத்திறேன்." நான் "ஒன் இஷ்டம்" என்றேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். நீ கேட்டதில் தப்பில்லை. உன் கையில் ஒட்டியிருக்கிற சென்சார் சில நிமிடத்துக்கு ஒரு தடவை உன் சர்க்கரை அளவை உன் போனுக்குச் சொல்கிறது. உன் போன் அதை மாப்பிள்ளையின் போனுக்கும் என் போனுக்கும் சொல்கிறது. எண் இறங்கினால் மூன்று போனும் அலறும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது மூன்று முறை கூப்பிட்டேன். இன்னொரு நாள் விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டு உங்கள் இருவரையும் எழுப்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் நீ அந்தக் கைமேலேயே சாய்ந்து படுத்திருந்தாய், அழுத்தத்தில் மிஷின் தப்பாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. "ஊசி குத்திப் பாத்தேம்மா, நூத்திப் பத்து இருக்கு, நீ போய்த் தூங்கு" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. சலிப்பு இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு ஒன்பது வயதில் இது வந்தபோது, புதுக்கோட்டையில் டாக்டர் என்னைப் பார்த்து, "படிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். டிகிரி என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். இரண்டாம் வருஷம் முடிந்ததும் கல்யாணம், கடைசிப் பரீட்சையில் பாதியை நீ வயிற்றில் இருக்கும்போது எழுதியது. என் வீட்டிலும் உன் அப்பா வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் அந்தப் படிப்பை யாரும் எதற்கும் கேட்டதில்லை. டாக்டர்தான் கேட்டார். "அப்பன்னா ஒங்களால முடியும். ஒரு நோட்டுப் போடுங்க" என்றார். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும் முன் என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டாய், எத்தனை யூனிட், எவ்வளவு விளையாடினாய் எல்லாம். பதினோரு நோட்டு நிறைந்தது. அதற்குள் உன்னைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். சர்க்கரை இறங்கும்போது உன் மேலுதட்டில் வியர்வை அரும்பும். சீவின பென்சிலையே திரும்பச் சீவுவாய். "என் செருப்பை ஏன் தொட்ட" என்று ஒன்றுமில்லாததற்குச் சண்டைக்கு வருவாய். உன் அப்பா, "வெயில்ல ஆடிட்டு வந்துருக்கா, அதான் சிடுசிடுங்குறா" என்பார். நான் குளுக்கோஸ் கரைக்கப் போய்விடுவேன். அது எனக்கு மட்டும் தெரிந்த பாஷை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிள்ளைக்கு நோய் வந்ததில் பெருமைப்படுகிறவள் உண்டா என்று கேட்காதே. இருந்தேன்.

பெருமைப்பட்டவள் அதை வெளியில் சொல்லவில்லை என்பதுதான் கேவலம். பெண் பிள்ளை, நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயம். ஊசியையும் டாக்டர் சீட்டையும் பார்த்து யாராவது கேட்டால் "வீசிங்" என்றேன். மூச்சிரைப்பு என்றால் ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அது வளர வளரச் சரியாகிவிடும் என்பார்கள். வடகாட்டுச் சித்தி வீட்டுக் காதுகுத்து உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. உனக்குப் பதினொரு வயது. முதல் பந்தி போடப்போகிறார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உனக்குச் சாப்பாட்டுக்கு முந்தின இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டேன். வெளியே வந்தால், தாய்மாமன் சீர் இன்னும் வரவில்லை, சீர் வந்து சபையில் வைக்காமல் இலை போடக் கூடாது என்கிறார்கள். தவில்காரர்கள் தெரு முக்கம் வரைக்கும் வந்துவிட்டார்கள் என்றார்கள். முக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் ஆடினார்கள். நான் வாய் திறந்து "பிள்ளைக்கு ஒரு கைச் சோறு குடுங்க" என்று கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. நீ என் தோளில் துவண்டாய். "வீசிங் வந்துருச்சு, காத்து விடுங்க" என்று சித்தி சத்தம் போட்டாள். உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து விசிறினார்கள். ஒருத்தி சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கசாயம் கொண்டுவந்தாள். என் பொய்க்குப் பொருத்தமான வைத்தியம் அத்தனையும் நடந்தது. குளுக்கோஸ் இருந்த என் பையோ, நகைகள் வைத்த அறையில், பூட்டுக்குள்.

அந்த நேரத்தில்தான் சீர் உள்ளே வந்தது. வரிசையாகத் தாம்பாளங்கள். நான் எழுந்து போய், ஒரு தட்டில் இருந்த சீனிப் பொட்டலத்தைப் பிய்த்து, தண்ணீரில் கலக்கி உனக்குப் புகட்டினேன். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "சபையில வைக்கிறதுக்கு முன்னாடியே மாமன் சீர்ல கை வைக்கிறியே, படிச்சவதான நீ?" என்று சித்தி கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "வீசிங்குக்குச் சீனித் தண்ணி நல்லதாம்" என்றேன். பத்து நிமிடத்தில் நீ கண் விழித்து, "அம்மா, எல போட்டுட்டாங்களா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு வடகாட்டில் எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைத்தாலும் சீனித் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்றுவரை அதையும் நான் திருத்தவில்லை. நீ எங்கே போனாலும் இலையைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போடாதே. டாக்டர் சொன்ன நேரக் கணக்கை மாற்றச் சொல்லவில்லை. பந்தியை நம்பாதே என்கிறேன். சர்க்கரைப் பொட்டலம் உன் கைப்பையில் இருக்கட்டும். கட்டினவன் சட்டைப்பையில் இருந்தால் போதாது. பசிக்கிறது என்று நூறு பேர் நடுவில் உரக்கச் சொல்லப் பழகு.

நீ பழகிவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். யாரிடம் பழகினாய் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. பெண் பார்க்க வந்த அன்று, சென்சார் தெரியாதபடி உனக்கு முழங்கை மறைகிற மாதிரி ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். நீ "நான் அவர்ட்டத் தனியாப் பேசணும்" என்றாய். கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள், கால் மணி நேரம் இருக்கும். மாப்பிள்ளை நேராக அடுப்படிக்கு வந்து, "அத்தை, லோ ஆனா மொதல்ல ஜூஸ் குடுக்கணுமா, குளுக்கோஸ் குடுக்கணுமா? இவ எதுவா இருந்தாலும் சரிங்குறா" என்று கேட்டார். கையில் பஜ்ஜிக் கரண்டியோடு நின்றேன். அவர் நல்ல மனுஷன் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவரைப் பிடிக்காமல் போனதும் அந்த நிமிடத்தில்தான். நான் பதினோரு நோட்டில் கற்றதைக் கால் மணி நேரத்தில் வந்து கேட்கிறாரே என்று.

கல்யாண மேடையில் நீ நீளக் கையை ஒத்துக்கொள்ளவில்லை. பட்டுப் புடவையும் நெற்றிச்சுட்டியுமாக நிற்கிறாய், மேல்கையில் வெள்ளையாகச் சென்சார் பளிச்சென்று தெரிகிறது. வாழ்த்த வந்த வடகாட்டுச் சித்தி உன் கையைப் பிடித்துத் திருப்பி, "என்னடி இது, பொத்தானத் தச்சு வச்சுருக்க?" என்றாள். நான் ஆரத்தித் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். என் நாக்கின் நுனியில் "வீசிங்" வந்து நின்றது. அதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். "சுகர் பாக்குற மிஷின் சித்தி. இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே சுகரு. ஒங்களுக்கும் இருக்குல்ல, ஒண்ணு ஒட்டி விடச் சொல்லவா?"

"அய்ய, எனக்கு வேணாம்ப்பா. நான் திங்கிறதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சு போயிரும்" என்று சித்தி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கவரைக் கொடுத்துவிட்டுப் போட்டோவுக்கு நின்றாள். அவ்வளவுதான். எதுவும் இடிந்து விழவில்லை. நான் பன்னிரண்டு வருஷம் காவல் காத்த விஷயம் ஒரு சிரிப்பில் முடிந்துபோனது. எனக்கு அழுகை வந்தது. மகளைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், அது பொறாமை.

ஆடிக்கு உன்னை அழைத்துவந்திருந்தோமே, அப்போது நடந்ததை நீ வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாய். கொல்லைப் பலா கடைசிப் பழம், உனக்காக மரத்திலேயே விட்டுவைத்திருந்தேன். சுளை எடுத்துக் கொடுத்துவிட்டு உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் போன் அடித்தது. "அத்தை, எரநூத்தி அறுவது போயிருச்சே, என்ன சாப்புட்டா?"

"பலாச்சொள கொஞ்சம் சாப்புட்டா தம்பி."

"எத்தனை சொள அத்தை?"

"ரெண்டு."

நீ வாயில் சுளையோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். அவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "ரெண்டுக்கு இவ்வளவு ஏறாதே அத்தை" என்றார், மரியாதையாகத்தான். ஏழு என்று ஒத்துக்கொண்டேன். என் வீட்டு அடுப்படியில் என் கண்ணெதிரே நீ சாப்பிட்டதைக் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒருவர் எண்ணுகிறார். நான் பரீட்சையில் காப்பியடித்து மாட்டினவள் மாதிரி நின்றேன். அன்று சாயங்காலம் உன் மேலுதட்டில் வியர்வையைப் பார்த்தேன். பார்த்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? உன் பக்கத்தில் வந்து கேட்டிருக்க வேண்டும். நான் போனைத் தேடி எடுத்து எண்ணைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, வெறும் புழுக்கம். ஆனால் என் கண்ணைவிட அந்த டப்பாவை நான் நம்பிவிட்டேன் என்பது அப்போது உறைத்தது. அதன்மேலும் எனக்குப் பொறாமைதான். அதற்குச் சோர்வு இல்லை, கூச்சம் இல்லை, சபையில் எத்தனை பேர் இருந்தாலும் கத்திச் சொல்லிவிடுகிறது.

நீ திரும்பிப் போனபிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கோடு ஏறுகிறதா, காபி குடித்திருக்கிறாய். சரசரவென்று இறங்குகிறதா, பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாய். சண்டை போட்டீர்கள் என்றால்கூட எனக்குத் தெரிந்துவிடும்போல ஆகிவிட்டது. உன் அப்பா, "பெத்த புள்ளைய சீரியலு மாதிரி பாத்துக்கிட்டு இருக்கியே, நடுவுல வெளம்பரம் போட மாட்டானா? ஒரு வாய் காபியாச்சும் கெடைக்கும்" என்று கேலி செய்கிறார். நான் சிரிக்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். உன் அப்பா ஆலங்குடிக்குப் போயிருந்தார், நான் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். போன் மடியில் இருந்தது. உன் சர்க்கரை எண்பத்து நாலு, பக்கத்தில் இருந்த அம்பு கீழே பார்த்தது. அடுத்து எழுபத்தொன்று. ஞாயிறு மதியம் இரண்டு பேரும் நன்றாகத் தூங்குவோம் என்று நீ சொல்லியிருக்கிறாய். உன் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அறுபத்து நாலு. அலாரம் அடித்தது. அதை நிறுத்தினேன். உன் பெயரை எடுத்தேன். கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

மறந்துவிட்டேன் என்றோ சிக்னல் இல்லை என்றோ நீ எனக்காகக் காரணம் தேடாதே. அழுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். "கொறட்ட விட்டுத் தூங்கட்டும், அப்பறம் நான் கூப்புட்டு எழுப்பினாத்தான் தெரியும் அம்மான்னா யாருன்னு" என்று எனக்குள்ளே ஒரு குரல், உன் அப்பா பேசுகிற மாதிரி, வடகாட்டுச் சித்தி பேசுகிற மாதிரி, சத்தமாகக் கேட்டது. ஐம்பத்தெட்டு. இன்னும் ஒன்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். காதுகுத்து வீட்டிலாவது கூச்சம் என்று ஒரு சாக்கு இருந்தது. இங்கே என்னைப் பார்க்க யாருமே இல்லை.

அடுத்த எண் வந்தபோது அம்பு நேராகியிருந்தது. அறுபத்து மூன்று. பிறகு எழுபத்தெட்டு. அவர் எழுந்துவிட்டார். உனக்கு எதையோ கொடுத்துவிட்டார். அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, பாப்பா. "சே" என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது, போனைத் தரையில் கவிழ்த்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "மத்தியானம் லோ ஆயிருச்சும்மா, அவருதான் எழுப்பி ஜூஸ் குடுத்தாரு. ஒனக்கு அலாரம் வரலையா?" என்று கேட்டாய். "போனு சார்ஜுல கெடந்துச்சு" என்றேன். உன் போன் கிடந்த மாதிரி.

இந்த மூன்று வாரமும்தான் நான் உன்னை எண்ணெய்ச் சட்டியில் விழுந்த கடுகு மாதிரிப் பொரிந்து பொரிந்து கூப்பிட்டது. மீட்டிங்கில் கூப்பிட்டது, விடியலில் கூப்பிட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான். நீ பயம் என்று நினைத்தாய். அது குற்றம் செய்தவள் செய்கிற பிராயச்சித்தம். அதனால்தான் நீ செவ்வாய்க்கிழமை கேட்டபோது "ஒன் இஷ்டம்" என்று முறுக்கிக்கொண்டேன். என்னை எடுக்கிறாய் என்பதில் வந்த வலியில் பாதி, உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டதோ என்ற பயம்.

என் பதில் இது. எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை. பிள்ளை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று காத்திருந்தவள் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. பார்ப்பதற்கு நாலு பேர் இருப்பது நல்லதுதான், ஆனால் பார்க்கிறவர்கள் உனக்காகப் பார்க்க வேண்டும். உன் போனைக் கூடத்தில் சார்ஜ் போடாதே, தலைமாட்டில் போடு. மீட்டிங்கில் சைலண்டில் வைத்தாலும் இந்த அலாரம் மட்டும் அடிக்கிற மாதிரி வைத்துக்கொள். மிஷின் ஒன்று சொல்லி உடம்பு வேறு சொன்னால் உடம்பைக் கேள், ஊசி குத்திப் பார். உங்களுக்குள் சண்டை வந்தால் அந்த எண்ணை எடுத்து ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ளாதீர்கள். "சுகர் ஏறிருச்சு, அதான் கத்துற" என்று அவர் சொன்னால், ஏறாமலும் கத்தத் தெரியும் என்று சொல். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். காட்டினால் தீபாவளிக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். மறைத்து மறைத்து நான் நிறையச் செய்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கடைசி வரைக்கும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போனால் பார்க்க இன்னோர் ஆள் கட்டாயம் வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆபீசில் உன் பக்கத்து சீட்டில் இருக்கிறாளே, அந்தப் பெண்ணைப் போடு. மாடி வீட்டு அக்காவைப் போடு. உன் மாமியார் புதுப் போன் வாங்கியிருக்கிறார் என்று போன வாரம் உன் மாமனார் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் தங்கமான மனுஷி, உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், என்னைப் போலப் பதறவும் மாட்டார், அந்த மாதிரி ஒரு மதியத்தில் என்னைப் போல உட்கார்ந்திருக்கவும் மாட்டார். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். என் பெயரை எடுத்த இடத்தில் அவர் பெயரைப் போடாதே. ஒரு வருஷம் போகட்டும். அதற்குள் சரியாகிவிடுவேன்.

அம்மா